69 பாகை வடக்கில் நகரத் திட்டம்: குடியிருப்பாளர் என்ன எழுதினால் எடுபடும்?

கரையோரம் (கேள்வி)

வணக்கம். இடம் வட நோர்வே, துரோம்சோ அளவு வடக்கே உள்ள ஒரு சிறு நகரம். துறைமுகத்துப் பழைய களஞ்சிய நிலத்தில் நாலு மாடியும் ஆறு மாடியுமாக வீடுகள் கட்டத் தனியார் நிறுவனம் ஒன்று திட்டம் (டெதால்ரெகுலேரிங்) கொடுத்திருக்கிறது. கொம்யூன் (நகராட்சி) அதை ஆறு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு விட்டிருக்கிறது. நிலத்துக்கு நேர் வடக்கே ஒரு பாலர் பாடசாலை. அதற்குப் பின்னால் கூட்டுறவு வீடுகள். அந்தக் கூட்டுறவின் நிர்வாகத்துக்காகக் கருத்துக் கடிதம் தயாரிக்க வேண்டும்.

தெரிய வேண்டியவை: கடிதத்தை எப்படி எழுதினால் உண்மையில் திட்டம் மாறும்? நூறு பேர் கையெழுத்து வைத்த ஒரே கடிதமா, தனித்தனிக் கடிதங்களா? பார்வைக்கு வந்திருப்பது ஜூனில். படங்களில் எல்லாம் புல்லும் வெயிலும்தான். குளிர்காலத்து வெளிச்சம், காற்று, பனி பற்றி என்ன கேட்பது? குடியிருப்பாளரில் பாதிப் பேருக்கு நோர்வேஜிய மொழியில் 60 பக்க ஆவணம் படிப்பது கடினம், அவர்களை எப்படிச் சேர்ப்பது? கிருனா, ஔலு போன்ற வட நகரங்கள் இதைச் செய்த விதத்தில் எடுக்கக்கூடியது ஏதும் உண்டா?

வரைபடமேசை

முதலில் அந்தப் பொதியைப் பிரித்துப் பாருங்கள். மூன்று ஆவணம் இருக்கும்: திட்ட வரைபடம், விதிகள் (பெஸ்டெமெல்சர்), திட்ட விளக்கம். சட்டப் பலம் முதல் இரண்டுக்கு மட்டும்தான். மரநிழலில் பிள்ளைகள் ஓடும் படம், கண்ணாடிப் பல்கணியில் வெயில் காயும் படம் எல்லாம் விளக்கத்தில் வருபவை. அவை யாரையும் கட்டுப்படுத்தாது. படத்தில் விளையாட்டு இடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, மூன்று வருடம் கழித்து அங்கே கார்த் தரிப்பிடத்தைக் கண்டு திகைப்பவர்கள் ஏராளம். விதிகளில் அந்த விளையாட்டு இடம் எழுதப்பட்டிருக்கிறதா, வரைபடத்தில் அதற்குத் தனி நிறமும் குறியீடும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கடிதத்தின் முதல் கோரிக்கை அதுதான்.

கடிதத்தில் ஒரு விடயத்துக்கு ஒரு பந்தி. எந்தப் புலம் (வரைபடத்தில் தனிக் குறியீடு போட்ட நிலத்துண்டு), எந்த விதி எண், அதனால் என்ன நடக்கும், அதற்குப் பதிலாக விதியில் என்ன வாசகம் வர வேண்டும் என்று இந்த நாலும் அதில் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"புலம் பிபிபி2. விதி 4.2 உச்சக் கூரை உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து 24 மீற்றர் என்கிறது. நிலம் 4 மீற்றரில் இருப்பதால் கட்டடம் 20 மீற்றர். மார்ச் 21 நண்பகலில் நிழல் 54 மீற்றர் நீண்டு பாலர் பாடசாலை முற்றம் முழுவதையும் மூடும். உயரத்தை 18 மீற்றராகக் குறைக்கவும், அல்லது மேல் இரண்டு மாடிகளைத் தெற்குப் பக்கமாக 8 மீற்றர் உள்வாங்கவும் என விதியில் சேர்க்கக் கோருகிறோம்."

"எங்கள் பகுதியின் தன்மை கெடும்" என்று எழுதினால் அதிகாரி "கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரியோடு முடிக்கலாம். மேலே உள்ளதற்கு அப்படி முடிக்க முடியாது. ஏற்பதா மறுப்பதா, ஏன் என்று எழுதியே ஆக வேண்டும்.

கோரிக்கையைப் பந்தியின் முதல் இரண்டு வரிக்குள் கொண்டுவாருங்கள். வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அதிகாரி சில வரிகளாகச் சுருக்கித்தான் அரசியல்வாதிகளின் மேசைக்கு அனுப்புகிறார். ஐந்தாம் பக்கத்தில் இருக்கும் கோரிக்கை அந்தச் சுருக்கத்தில் விழாமல் போய்விடும்.

கையெழுத்து விடயம்: ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தாலும் அது ஒரு வாதமாகத்தான் பார்க்கப்படும். கூட்டுறவின் பெயரில் ஒரு கடிதம், அதோடு கையெழுத்துப் பட்டியல். அது தவிர வெவ்வேறு விடயத்துக்கு வெவ்வேறு ஆள் எழுதட்டும்: சக்கர நாற்காலியில் போகிறவர் பாதையின் சரிவு பற்றி, பாலர் பாடசாலைப் பெற்றோர் முற்றம் பற்றி, சின்னப் படகு வைத்திருப்பவர் கரைக்குப் போகும் வழி பற்றி.

பலர் மறக்கும் ஒன்று, ஒழுங்கு விதி (ரெக்கஃபொல்க). "முதல் வீட்டுக்குப் பாவனை அனுமதி கொடுக்கும் முன் விளையாட்டு இடமும் கரையோர நடைபாதையும் கட்டி முடிந்திருக்க வேண்டும்" என்ற ஒரு வரி. இது இல்லாவிட்டால் பொது இடங்கள் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளப்படும், கடைசிக் கட்டம் வருமா என்பது வீட்டுச் சந்தையின் கையில்.

இன்னொரு வழியும் உண்டு. திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் ஆட்சேபம் (இன்சீகெல்ச) எழுப்பும் உரிமை உங்களுக்கு இல்லை. அது மாநில அதிகாரி (ஸ்டாட்ஸ்ஃபோர்வால்டரன்), மாவட்ட அவை, வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் நாடாளுமன்றம் போன்றவற்றுக்கு மட்டும். ஆனால் பிள்ளைகளின் நலன் மாநில அதிகாரி பார்க்கும் துறைகளில் ஒன்று. முற்றத்து நிழல் பற்றிய பந்தியை நிழல் வரைபடத்தோடு அவர்களுக்கும் பிரதி அனுப்புங்கள், ஆறு வாரக் கடைசி நாளில் அல்ல, மூன்றாம் வாரத்துக்குள். அவர்களுக்கும் அதே காலக்கெடுதான். ஒவ்வொரு கொம்யூனும் திட்டமிடலில் பிள்ளைகளின் நலனைப் பார்க்கத் தனி ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2008 திட்டமிடல், கட்டடச் சட்டத்தின் 3-3 பிரிவு சொல்கிறது. உங்கள் கொம்யூனில் அது யார் என்று கேட்டு அவருக்கும் ஒரு பிரதி போடுங்கள்.

தாழ்சூரியன்

நிழல், காற்று, பனி மூன்றையும் நான் எடுக்கிறேன்.

நிழல் கணக்குக்கு மென்பொருள் தேவையில்லை. 90-இலிருந்து அகலாங்கைக் கழித்தால் மார்ச் 21 நண்பகல் சூரியனின் உயரம் வரும். துரோம்சோ 69.6, ஆகவே சுமார் 20 பாகை. அந்த உயரத்தில் நிழல் கட்டடத்தின் 2.7 மடங்கு. அதாவது 20 மீற்றர்க் கட்டடத்துக்கு 54 மீற்றர். பெப்ரவரி 21-இல் சூரியன் 10 பாகைகூட ஏறாது, நிழல் 6 மடங்கை நெருங்கும், கிட்டத்தட்ட 118 மீற்றர். ஜூன் 21-இல் 44 பாகை, நிழல் 21 மீற்றர்தான். திட்டப் பொதியில் ஜூன் 21 நண்பகல் படத்தை மட்டும் வைத்திருந்தால் காரணம் புரியும்.

எந்த நாளைக் கேட்க வேண்டும்? டிசம்பரைக் கேட்டுப் பயனில்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலேயே வராது. மலை மறைப்பதால் துரோம்சோ நகரத்தில் சூரியன் திரும்பி வரும் நாளாக ஜனவரி 21-ஐத்தான் கொண்டாடுகிறார்கள். ஆகவே நிழல் ஆய்வில் சுற்றியுள்ள மலையும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மார்ச்சும் ஏப்ரலும்தான் உயிர் மாதங்கள். பனி இருக்கும், வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் நாள் முழுக்க வெளியே நிற்பார்கள். மார்ச் 21, ஏப்ரல் 21 இரண்டுக்கும் காலை 9, நண்பகல், மாலை 3 மணிப் படம் கேளுங்கள். ஏப்ரலில் கோடைநேரம் (கடிகாரம் ஒரு மணி முன்னே) ஓடுவதால் சூரியன் நேர் தெற்கில் நிற்பது கடிகாரத்தில் 12.45 அளவில். 12 மணிப் படத்தை "நண்பகல்" என்று போட்டிருந்தால் நிழல் மேற்குப் பக்கமாகச் சாய்ந்து காட்டும். பாடசாலை முற்றம் கிழக்கில் இருந்தால் தப்பித்துவிட்டதுபோலத் தோன்றும்.

காற்றுக்கு, வருடச் சராசரிக் காற்று வரைபடத்தை ஏற்காதீர்கள். பியோர்டு (மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கால்) நகரங்களில் கோடையில் கடலிலிருந்து வருவது ஒன்று, குளிரில் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் குளிர்காற்று வேறொன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே காணாமல் போகும். நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் தனிப் படம் கேளுங்கள். நோர்வே வானிலை நிறுவனத்தின் அளவீடுகள் இணையத்தில் இலவசம், நீங்களே எடுத்து ஒப்பிடலாம். ஆலோசகரிடம் கேட்க வேண்டிய எண், நடப்பவர் மட்டத்தில் காற்று நொடிக்கு 5 மீற்றரைத் தாண்டும் நேரம் எத்தனை சதவீதம் என்பது. பாலர் பாடசாலை வாசலுக்கும் பஸ் தரிப்புக்கும் கட்டட மூலைகளுக்கும் தனித்தனியாக. ஆறு மாடிச் சுவரில் மோதும் காற்றில் ஒரு பகுதி கீழே இறங்கி, நடப்பவர் மட்டத்தில் மூலைகளைச் சுற்றி வேகமெடுக்கும். வாசலை அந்த மூலையில் வைத்தால் கதவைத் திறக்கவே பாடுபட வேண்டும், காற்று ஒதுங்கும் பக்கத்தில் வைத்தால் பனி குவிந்து கதவை மூடும். இரண்டுக்கும் நடுவே இடம் தேடுவதுதான் வடிவமைப்பு.

பனிக்கு ஒரு சின்னக் கணக்கு. 6 மீற்றர் அகலமும் 100 மீற்றர் நீளமுமான உள் வீதியில் 20 சென்ரிமீற்றர் புதுப்பனி விழுந்தால் 120 கன மீற்றர். புதுப்பனியின் அடர்த்தி கன மீற்றருக்கு 100 கிலோ அளவு. தள்ளிக் குவித்தால் 400 அளவுக்கு இறுகும், ஆகவே 30 கன மீற்றர். இப்படிப் பத்துத் தடவை விழுந்து உருகாமல் நின்றால் 300 கன மீற்றர். சராசரி 2 மீற்றர் உயரத்தில் குவிக்க 150 சதுர மீற்றர் நிலம் வேண்டும், அதாவது பன்னிரண்டு கார்த் தரிப்பிடம். இந்த நிலம் வரைபடத்தில் எங்கே? "பனி விருந்தினர் தரிப்பிடத்தில் வைக்கப்படும்" என்று இருந்தால் மார்கழியிலிருந்து சித்திரைவரை அந்தத் தரிப்பிடம் இல்லை என்று பொருள். விளையாட்டு இடத்தில் குவிப்பது இன்னும் மோசம், வீதியின் சரளையும் எண்ணெயும் அந்தப் பனியோடு சேர்ந்தே வரும். பாதசாரிக் கடவையில் 1 மீற்றர் குவியல் போதும், பின்னால் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் தொப்பி மட்டும்தான் சாரதிக்குத் தெரியும். பனிக் குவிப்பிடத்தை வரைபடத்தில் தனிப் புலமாக வரையவும், கடவைகளில் குவிக்கத் தடை என விதியில் எழுதவும் கோருங்கள்.

சூடாக்கப்பட்ட நடைபாதை போடுவோம் என்று சொன்னால் உடனே கைதட்ட வேண்டாம். முதியவர்கள் பலர் குளிரில் ஸ்பார்க் என்ற தள்ளு சறுக்குவண்டியில்தான் கடைக்குப் போகிறார்கள். வெறும் தாரில் அதன் இரும்புச் சட்டம் நகராது. பாதையின் ஒரு ஓரத்தை இறுகிய பனியாகவே விடும்படி பராமரிப்பு முறை அமைய வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

கடலோர நிலம் என்பதால் புயலில் கடல்நீர் ஏறும் மட்டமும் பாருங்கள். வீடுகளுக்கு 200 வருடத்தில் ஒருமுறை வரும் மட்டத்துக்கு மேல் பாதுகாப்பு வேண்டும் என்பது கட்டட விதி. நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் வாசல் எந்த உயரத்தில் இருக்கிறது?

நடைவழி

ஆட்களைச் சேர்ப்பது பற்றி.

60 பக்கத்தை மொழிபெயர்க்கப் போகாதீர்கள். ஒரு பக்க வரைபடமும் ஐந்து கேள்வியும் போதும்: எங்கே நடக்கிறீர்கள், எங்கே விழுகிறீர்கள், பிள்ளை எங்கே விளையாடுகிறது, எந்த இடம் இருட்டு, எதை இழக்கக் கூடாது. தமிழ், அரபு, போலிஷ், உக்ரேனியம் என்று அங்கே இருக்கும் மொழிகளில் அந்த ஒரு பக்கம். வட நோர்வேக் கரையோர ஊர்களுக்கு எண்பதுகளிலிருந்து மீன் பதனிடும் வேலைக்கு வந்த நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாலை 6 மணிக்கு நகரசபை மண்டபத்தில் கூட்டம் என்றால் பின்நேர முறை வேலைக்காரர் ஒருவரும் வர முடியாது. நூலகத்திலோ கடைத்தொகுதியிலோ பகல் 11 முதல் மாலை 7 வரை மேசை போட்டு, வருகிறவர் வரும் நேரத்துக்கு வந்து போகட்டும்.

அந்த மேசையில் அட்டை மாதிரி ஒன்று வையுங்கள், 1:500. இருபது மீற்றர்க் கட்டடம் 4 சென்ரிமீற்றர். சின்ன டோர்ச் ஒன்றை மாதிரியிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி, மேசை மட்டத்திலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்தால் அது மார்ச் 21-இன் சூரியன். நிழல் 11 சென்ரிமீற்றர் நீண்டு பாலர் பாடசாலை முற்றத்தில் ஏறும். டோர்ச்சை 25 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் பெப்ரவரி. எழுத்துத் தேவையே இல்லை, எந்த மொழிக்காரருக்கும் அது விளங்கும். வந்தவர் கையாலேயே மேல் இரண்டு மாடியைத் தூக்கி வைத்துப் பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்கு நோர்வேயில் பார்னெத்ரோக் என்ற கருவி இருக்கிறது. மாணவர் தங்கள் நடைவழி, பிடித்த இடம், பயமான இடம் எல்லாவற்றையும் மின்வரைபடத்தில் குறிப்பார்கள், கொம்யூன் அதைத் திட்டமிடலில் பயன்படுத்தும். உங்கள் கொம்யூனில் ஏற்கெனவே செய்த பதிவு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எந்தப் பருவத்தில் குறிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். செப்டெம்பரில் குறித்த வழி வேறு, மார்ச்சில் குறித்த வழி வேறு. பனி இறுகியதும் பிள்ளைகள் புல்வெளியைக் குறுக்கே கடப்பார்கள், கோடையில் சதுப்பாக இருந்த இடம் சறுக்குமேடாகும். அந்த மேடு எந்தத் திட்ட வரைபடத்திலும் இருக்காது. அது பொது விளையாட்டிடமாகப் பயன்பட்டு வந்தது என்று காட்ட முடிந்தால் முழுமையான மாற்றிடம் கேட்கலாம், அது தேசிய வழிகாட்டலிலேயே உள்ளது.

கூட்டம் வைக்கும் காலம்: ஜூலையில் நாடே விடுமுறை. சாமி மக்கள் வாழும் பகுதியென்றால் மே மாதம் கலைமான் கன்று ஈனும் காலம், இலையுதிர்காலத்தில் மந்தை பிரிக்கும் வேலை. அந்த நாட்களில் கூட்டம் வைத்துவிட்டு "மேய்ப்பர்கள் வரவில்லை" என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

சுரங்கச்சரிவு

வரைபடமேசை சொன்னது ஆறு வாரக் கட்டத்துக்குச் சரி. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரும்போது எத்தனை மாடி, எங்கே என்பது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. விதி எண் போட்டு எழுதத் தெரிந்தவர் குரல் மட்டும் உயர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிருனாவைப் பாருங்கள்.

சுவீடன் வடக்கில், எல்கேஏபி நிறுவனத்தின் இரும்புச் சுரங்கம் நகரத்துக்கு அடியில் வருவதால் நகரம் இடம்பெயர வேண்டும் என்று 2004-இல் கொம்யூனுக்குக் கடிதம் வந்தது. பெயர்வதா என்பது மக்களிடம் கேட்கப்படவில்லை, தாது போகும் திசை அதை முடிவு செய்தது. எங்கே, எப்படி, எதைக் கூட எடுத்துப் போவது என்பதில்தான் பேச்சுக்கு இடம் இருந்தது. 2013-இல் புதிய நகரத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற வைட் கட்டடக் கலைஞர் குழுவில் சமூக மானுடவியலாளரும் இருந்தார். எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினால் அது தங்கள் ஊர் ஆகாது என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்ததன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய நகர மண்டபம் இடிக்கப்பட்டாலும் அதன் மணிக்கோபுரம் புதிய மண்டபத்தின் பக்கத்தில் நிற்கிறது. 1912-இல் கட்டிய மரத் தேவாலயம், 672 தொன், 2025 ஆகஸ்டில் சக்கரத்தில் ஏறி இரண்டு நாளில் 5 கிலோமீற்றர் நகர்ந்தது. புதிய மையம் 2022-இல் திறந்தது. வீட்டு உரிமையாளருக்குச் சந்தை விலையோடு 25 சதவீதம், அல்லது புதிய வீடு. வாடகைக்கு இருந்தவருக்குக் கேள்வியே வேறு, புதுக் கட்டடத்தில் வாடகை உயர்வு.

குளிர்காலத்தைக் கேட்காததன் விலையும் அங்கேயே. 1900-இல் ஹால்மன் என்ற நகரத் திட்டமிடலாளர் திட்டம் போட்ட பழைய நகரம் மலைச் சரிவில், நிலத்தின் வளைவைப் பின்பற்றி, காற்றை உடைக்கும் வளைந்த தெருக்களோடு இருந்தது. புதிய மையம் தாழ்ந்த நிலத்தில். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். கொத்தென்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கபனா, லேவாஸ் என்ற இரண்டு சாமி மேய்ச்சல் சமூகங்களுக்கு நகரம் நகர்வது என்பது மந்தையின் வழி குறுகுவது. அவர்களுடைய பேச்சு நகர மையத்தின் சதுக்கத்தைப் பற்றியதல்ல, வரைபடத்தின் ஓரத்தைப் பற்றியது. உங்கள் ஊரிலும் ஓரத்தில் இருப்பவர் யார் என்று பாருங்கள்.

சுவீடனில் ஒரு கடும் விதி: பரிசீலனைக் காலம் முடியுமுன் எழுத்தில் கருத்துக் கொடுத்து, அது ஏற்கப்படாதவர்தான் பின்னர் நீதிமன்றத்துக்கு முறையிட முடியும். வாயால் கூட்டத்தில் சொன்னது கணக்கில் வராது.

பின்லாந்தில் எனக்குப் பிடித்தது, திட்டம் தொடங்கும்போதே "பங்கேற்பு, மதிப்பீட்டுத் திட்டம்" ஒன்றை வெளியிட வேண்டும் என்பது. யாரை, எப்போது, எப்படிக் கேட்போம் என்று அதில் இருக்கும். போதாது என்றால் அப்போதே சொல்லலாம். ஔலுவின் குளிர்காலச் சைக்கிள் பாதைகள் உலகறிந்தவை. 2013-இல் முதல் குளிர்காலச் சைக்கிள் மாநாடு நடந்தது அங்கேதான். பாதையை உப்புப் போட்டு உருக்காமல் இறுகிய பனியாகவே சீவி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எடுக்க வேண்டியது, பாதையை வரைவதோடு பங்கேற்பு முடியாது என்பது. எந்தப் பாதை காலையில் முதலில் துப்புரவாக வேண்டும் என்ற வரிசையில்தான் பள்ளிப் பிள்ளையின் பயணம் தங்கியிருக்கிறது.

ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் குடிமக்கள் யோசனை சொல்ல 2010-இல் தொடங்கிய இணையத் தளத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் கருத்துக்குக் கீழே மற்றவர் பதில் எழுத முடியாது. ஆதரவு வாதம் ஒரு பக்கம், எதிர் வாதம் மறுபக்கம். சண்டை வளர இடமில்லை, நல்ல வாதம் மேலே வரும். உங்கள் கூட்டுறவின் அறிவிப்புப் பலகையிலேயே இரண்டு நெடுவரிசை போட்டு இதைச் செய்யலாம்.

கரையோரம்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். ஆறு வாரத்தில் பாதி ஜூலைக்குள் போகிறது. அடுத்தது, எல்லாம் எழுதியும் அப்படியே நிறைவேறிவிட்டால்?

வரைபடமேசை

ஆறு வாரம் சட்டத்தின் குறைந்தபட்சம், கூட்டிக் கொடுக்கத் தடையில்லை. விடுமுறையைக் காட்டி ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நீட்டிக்கும்படி இன்றே எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை பழைய திகதியையே கெடுவாக நினைத்து வேலை செய்யுங்கள்.

நிறைவேறினால், அறிவிப்புக் கிடைத்து மூன்று வாரத்துக்குள் முறைப்பாடு. கொம்யூனுக்கே எழுத வேண்டும், அவர்கள் மாற்றாவிட்டால் மாநில அதிகாரியிடம் போகும். முறைப்பாடு கொடுத்ததால் மட்டும் கட்டட வேலை நிற்காது, நிறுத்தி வைக்கும்படி அதே கடிதத்தில் தனியாகக் கேட்க வேண்டும். உயரம் பிடிக்கவில்லை என்ற வாதம் அங்கே அவ்வளவு எடுபடாது, உள்ளூர்த் தீர்மானத்துக்கு மதிப்புக் கொடுப்பார்கள். எடுபடுவது நடைமுறைப் பிழைகள்: பார்வைக்கு விட்ட பிறகு திட்டத்தைப் பெரிதாக மாற்றிவிட்டு மறுபடி பார்வைக்கு விடாதது, இடர் ஆய்வு இல்லாதது, பிள்ளைகள் பற்றிய கருத்துக்குப் பதிலே எழுதாதது. இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால், கட்டட அனுமதி நேரத்தில் அயலவர் அறிவித்தல் வரும்போது உயரத்தைப் பற்றிப் பேச வழியில்லை, அது திட்டத்திலேயே முடிந்த விடயம் என்று திருப்பிவிடுவார்கள்.

ஆகவே பார்வைக்கு இருக்கும் ஆவணங்கள் எல்லாவற்றையும் இன்றே தரவிறக்கி, திகதி போட்ட கோப்புறையில் வையுங்கள். திருத்திய பதிப்பு ஏறினதும் பழையதை இணையத்தில் தேடிப் பிடிப்பது கடினம். எது மாறியது என்று காட்ட அந்த இரண்டு பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.